இரண்டாவது ஊசி

செவிலிமேடு தாண்டியபோது வெயில் முதுகில் ஏறிவிட்டது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் நாலைந்து முறை திரும்பிப் பார்த்தேன். யாராவது கூப்பிட வருகிறார்களா என்றுதான். யாரும் வரவில்லை. பாலாற்றில் தண்ணீர் கிடையாது. மணலில் இறங்கி அக்கரைக்கு நடந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். பிறகு மணல் சுட்டதும் மறுபடி போட்டுக்கொண்டேன்.

பின்னால், பெரிய காஞ்சிபுரத்தில் அண்ணன் வீட்டுத் தெருவில், அந்நேரம் அண்ணியின் பாவைச் சுருட்டி முடித்திருப்பார்கள். பட்டுச் சேலைக்கு நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. அது வீட்டுக்குள் அடங்காது. விடிந்ததும் தெரு நடுவில் கழிகளை நட்டு, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, நூல் நூலாகப் பிரித்து, வெயில் கடுமையாவதற்குள் உலர்த்திச் சுருட்டிவிட வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற காரியமில்லை. அதனால் எந்த வீட்டுப் பாவு வெளியே வந்தாலும் தெருவே வந்து கைகொடுக்கும். கூலி கிடையாது, கூப்பிட வேண்டியதும் கிடையாது. பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கூட வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஒரு கழியைப் பிடிப்பார்.

அண்ணன் சாவதற்கு முந்தின வருஷம் அவனுடைய கடைசிப் பாவுக்கு ஒருவரும் வரவில்லை. அவன் செத்து, காரியம் முடிந்து, அண்ணி தனியாகப் பாவை வெளியே எடுத்துவந்த அன்று எல்லோரும் வந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. புறப்பட்டுவிட்டேன்.

நான் தறியில் உட்கார்ந்தவன் இல்லை. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன், தறியையும் விட்டேன். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார எனக்கு உடம்பு வணங்காது. லாரியில் கிளீனராக இருந்தேன், பெங்களூரில் ஓட்டலில் மாவு ஆட்டினேன், உப்பளத்தில் கொஞ்ச நாள் உப்பு வாரினேன். எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. அப்பா அம்மா போனபின் எனக்கென்று இருந்தவன் அண்ணன் ஒருவன்தான். அவன் படுத்துவிட்டான் என்று ஊர்க்காரர் ஒருவர் பெங்களூர் ஓட்டலில் சொல்லிவிட்டுப் போனார். போய்ப் பார்த்தால், கண் மஞ்சளாக, வயிறு உப்பி, கை கால் குச்சியாக வாசலில் உட்கார்ந்திருந்தான். தறியில் நூல் இல்லை. முசரவாக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து இங்கே வந்து தறி வேலை கற்றுக்கொண்ட அண்ணி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நூல் இழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மதுவிலக்கு இருந்த காலம் அது. விலக்கு இருந்ததே தவிர குடி நிற்கவில்லை. ஆற்றோரம் காய்ச்சினார்கள். அது கிடைக்காதவர்கள் மர பாலிஷைக் குடித்தார்கள். புளித்துப் போதை ஏற்றும் மருந்துக் கடை அரிஷ்டத்தைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தார்கள். எங்கள் தெருவிலும் சிலரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு தெரு நாட்டாண்மைக்காரர் எல்லோரையும் கோயில் வாசலில் கூட்டி ஒரு கட்டுப்பாடு போட்டார். குடிக்கிறவன் வீட்டுப் பாவில் யாரும் கைவைக்கக் கூடாது. பெண்கள் கைதட்டினார்களாம். நல்ல கட்டுப்பாடு என்றுதான் நானும் சொல்வேன். அடி வாங்கிய பெண்களை நானும் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் குடித்ததில்லை. அவனுக்கு வாலிப வயதில் ஒரு முறை கடுமையான காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், கையில் சூடு போட்டார்கள். தேறிவிட்டான் என்றுதான் நினைத்தோம். பல வருஷம் கழித்துப் பசி எடுக்காமல் போய், சோர்வு வந்து, வைத்தியரிடம் போனான். அவர் அரிஷ்டம் கொடுத்தார், காலையும் மாலையும். அந்த வாடையோடு தறியில் உட்கார்ந்தவன் ஒரு நாள் மயங்கிக் குழிக்குள் சரிந்தான். தூக்க வந்தவர்கள் வாயருகே குனிந்தார்கள். அவ்வளவுதான். வயிறு உப்பியதும், கண் மஞ்சளானதும், கால் தள்ளாடியதும் குடிதான் என்பதற்குச் சாட்சி ஆகிவிட்டன.

அடுத்த பாவுக்கு அவனும் அண்ணியும் மட்டும் கழியைப் பிடித்தார்கள். தெரு இரண்டு பக்கமும் நின்று பார்த்தது. நடுவில் நூல் தொய்ந்து மண்ணில் பட்டது. அழுக்கேறிய பட்டை, நூல் கொடுத்த முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. மறு பாவுக்கு நூல் தரவில்லை. தறி நின்றது.

நான்தான் பட்டணத்துக்குக் கூட்டிப்போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். நீளமான வார்டு, இரும்புக் கட்டில்கள், வயிறு உப்பியவர்களாக ஒரு வரிசை. அந்த வரிசையைப் பார்த்துக்கொண்ட சின்ன டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். முதல் கேள்வியே அதுதான்.

"குடிப்பியா?"

"இல்லீங்க சாமி."

"எப்பவாச்சும்?"

"அரிஷ்டம் குடிச்சேன். வைத்தியர் குடுத்தாருங்க."

"இந்த வார்டுல எல்லாரும் அரிஷ்டந்தான் குடிச்சிருக்காங்க" என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. பழகிப்போன மாதிரி சொன்னார்.

பக்கத்துக் கட்டிலில் நாற்காலி மேசைக்குப் பாலிஷ் போடும் ஆள் ஒருவர் இருந்தார். அவர் படுத்தபடியே கையைத் தூக்கினார். "டாக்டர், நான் அரிஷ்டம் குடிக்கலீங்க. பாலிஷே குடிச்சேன். என் பேர்ல அதையே எழுதிக்கோங்க."

வார்டு சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. டாக்டரின் கையைப் பிடிக்கப் போய், தயங்கி, கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "ஈரலப் பாத்தா குடிச்சவனா இல்லையான்னு தெரியுமாங்க?"

"ஊசி போட்டுத் துளி எடுத்துப் பாத்தா பெரும்பாலும் தெரிஞ்சிடும்."

அந்த நிமிஷத்திலிருந்து அண்ணனுக்கு வயிறு, கண், பசி எதுவும் முக்கியமில்லை. ஊசி எப்போது, ஊசி எப்போது என்று என்னைத் துளைத்தான். உடனே போட முடியாது என்றார்கள். வயிற்று நீர் முதலில் வற்ற வேண்டும், ரத்தம் சரியாக உறைகிறதா என்று காதில் குத்திப் பார்க்க வேண்டும். உப்பில்லாத சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றான்.

அந்த வார்டில் அப்போது ஈரலிலிருந்து துளி எடுக்க இரண்டு விதமான ஊசி வைத்திருந்தார்கள். எது மேல் என்று பெரிய டாக்டர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன டாக்டருக்கு விளக்கிச் சொல்வதில் ஆசை. நான் கேட்டதும் தட்டில் வைத்துக் காட்டினார்.

ஒன்று மெலிந்த, உள்ளே ஓட்டையான ஊசி. பின்னால் சிரிஞ்சு. விலா எலும்புகளுக்கு நடுவில் மரத்துப்போக மருந்து போட்டுவிட்டு, நோயாளியை மூச்சை முழுக்க வெளியே விட்டு அப்படியே நிறுத்தச் சொல்வார்கள். சிரிஞ்சை உறிஞ்சும்படி இழுத்துப் பிடித்துக்கொண்டு, குத்தின வேகத்தில் வெளியே எடுத்துவிடுவார்கள். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். ஊசி உள்ளே இருக்கும் நேரம் குறைவு, அதனால் ரத்தக் கசிவும் குறைவு. வார்டில் இதை உறிஞ்சுற ஊசி என்பார்கள்.

இன்னொன்று தடிமன். அதற்குள் இரண்டாகப் பிளந்த நாக்கு மாதிரி ஒரு தகடு. அதை ஈரலுக்குள் தள்ளி, மேல் குழலை அதன்மேல் நகர்த்தி, ஒரு திருகு திருகி, கவ்வியதை வெட்டிக்கொண்டு வர வேண்டும். அவ்வளவு நேரமும் நோயாளி மூச்சு விடக் கூடாது. விட்டால் ஈரல் ஊசியோடு சேர்ந்து அசைந்து கிழிந்துவிடும். இது வெட்டுற ஊசி.

"அப்ப எல்லாருக்கும் முதல் ஊசியே போடலாமே" என்றேன்.

"போடலாம். ஈரல் மெத்துன்னு இருந்தா அழகா இழை மாதிரி வந்துடும். உள்ள தழும்பாகி இறுகிப்போயிருந்தா வராதுப்பா. மெத்துன்னு இருக்கற இடத்தை மட்டும் உறிஞ்சிக்கினு தழும்ப அங்கேயே விட்டுடும். தூள் தூளா வரும். அதப் பாத்துட்டு ஒண்ணும் சொல்ல முடியாது. வெட்டுறது தழும்போட சேத்துக் கொண்டாந்துடும். ஆனா கொஞ்சம் கூட ரத்தம் போவும்."

பாலிஷ்காரருக்கும் அண்ணனுக்கும் ஒரே காலையில் உறிஞ்சுற ஊசி போட்டார்கள். பாலிஷ்காரருக்கு முதலில். கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம், "முடிஞ்சிதா? அவ்ளோதானா?" என்றார். சீசாவில் அவருடைய ஈரல் வெளுப்பாக, முழு இழையாக, அறுபடாமல் மிதந்தது. குடியால் கொழுப்பு ஏறிய ஈரல் மெத்தென்று இருக்கும், அப்படித்தான் வரும் என்றார் சின்ன டாக்டர்.

அண்ணனுடையது நொய்யாக வந்தது. சீசாவை ஆட்டினால் பழுப்பாக நாலைந்து துணுக்குகள் சுழன்றன. வேறொன்றுமில்லை.

பாலிஷ்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி உங்க அண்ணன். குடிக்காமலே ஈரல உடைச்சிக்கினாரே. நான் குடிச்சிக் குடிச்சிப் பதமா வெச்சிருக்கேன் பாரு" என்றார். அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பாலிஷ்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. சாயங்காலம் தனக்கு வந்த ஆரஞ்சில் பாதியை அண்ணன் தலைமாட்டில் வைத்தார்.

சில நாள் கழித்து முடிவு வந்தது. பாலிஷ்காரருக்குக் குடி, சந்தேகமே இல்லை. அண்ணனுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. துணுக்கு போதாது.

சின்ன டாக்டர் கட்டிலோரம் வந்து நின்று நேராகவே பேசினார். அதை அவர் கணக்கில் வரவாக எழுத வேண்டும். "இன்னொரு ஊசி போட்டா தெரியும். பெரிய டாக்டருக்கும் போட்டுப் பாக்கணும்னு இருக்குது, ரெண்டையும் ஒரே ஆளுக்குப் போட்டா ஒப்பிட வசதி. ஆனா நான் சொல்றேன், உனக்கு அதனால வைத்தியம் மாறாது. எது காரணமா இருந்தாலும் இதே மாத்திரைதான், இதே உப்பில்லாத சோறுதான். வேணாம்னா வேணாம்னு சொல்லு. யாரும் கோவிச்சிக்க மாட்டாங்க."

"போடுங்க சாமி" என்றான் அண்ணன்.

டாக்டர் போனதும் நான் சண்டை போட்டேன். "இன்னாத்துக்குண்ணா? மருந்து ஒண்ணுதான்னு சொல்றாரில்ல?"

"மருந்துக்காடா வந்தேன்?"

"பின்ன?"

"பாவு நீட்டணும்டா. நானும் உங்க அண்ணியும் மட்டும் கழியப் புடிச்சிக்கினு நின்னப்ப நீ பாக்கல."

"ஊசி சொல்றத அவனுங்க கேப்பானுங்களா?"

"டாக்டர் சொன்னா கேக்க மாட்டாங்களா? பட்டணத்து டாக்டர்டா."

அதற்கு மேல் அவனோடு பேச முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நூல் சிக்கினால் அறுக்க மாட்டான். உட்கார்ந்து பிரிப்பான்.

வெட்டுற ஊசியைப் பெரிய டாக்டரே போட்டார். நான் கதவருகே நின்றேன். மூச்சை விட்டு நிறுத்து என்றதும் அண்ணன் நிறுத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். தள்ளினார், நகர்த்தினார், திருகினார், எடுத்தார். "விடு" என்று சொன்ன பிறகும் அண்ணன் மூச்சு விட மறந்து கிடந்தான். நர்ஸ் கன்னத்தில் தட்டினாள். சீசாவில் ஒரு முழு இழை கிடந்தது. சின்ன டாக்டர் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "அருமையா வந்திருக்குப்பா." அண்ணனும் சிரித்தான். பரீட்சையில் தேறின மாதிரி இருந்தது அவன் முகம்.

குத்தின இடம் அழுந்தும்படி வலப் பக்கமாகப் படுக்க வைத்தார்கள். மறுநாள் காலை வரை எழக் கூடாது, உட்காரக் கூடாது, மூத்திரத்துக்குக்கூட இறங்கக் கூடாது. நர்ஸ் அண்ணனிடமும் சொன்னாள், என்னிடமும் சொன்னாள், பாலிஷ்காரரிடமும் சொன்னாள்.

மதியத்துக்குப் பிறகு நாட்டாண்மைக்காரர் வந்தார். பட்டணத்துக் கடைக்குச் சேலை கொண்டுவந்தவர், வந்த வேலை முடிந்ததும் தெருக்காரன் ஒருவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறானே என்று எட்டிப் பார்க்க வந்திருக்கிறார். அந்த மரியாதை அவரிடம் இருந்தது. நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. வார்டு வாசலில் நின்று கட்டில்களைத் தேடினார்.

அண்ணன் அவரைப் பார்த்தான். நான் கையை நீட்டுவதற்குள் காலைக் கீழே போட்டு எழுந்து நின்றுவிட்டான். தலைமாட்டில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். எங்கள் தெருவில் நாட்டாண்மைக்காரருக்கு முன்னால் ஆம்பிளை எவனும் உட்கார்ந்திருக்க மாட்டான். படுத்துக்கொண்டு பேசுவது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். சாகக் கிடந்த ஒரு கிழவரைக்கூட, அவர் வந்தபோது இரண்டு பேர் தூக்கி உட்கார வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"இன்னாப்பா, எப்படி இருக்கறே?" என்று கேட்டபடி அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கேங்க."

"அண்ணா படு" என்றேன். "எழுந்துக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க இல்ல?"

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் பல்லைக் கடித்தது தெரிந்தது. நாட்டாண்மைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இருக்கட்டும்பா, நான் கெளம்புறவந்தான்" என்றார். அவர் அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டார். நான் அவர் முன்னால் மரியாதைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தார். படுத்துக்கொள்ளப்பா என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் அண்ணன் படுத்திருப்பான். சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் பிறந்ததிலிருந்து அவர் முன்னால் மனிதர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

பாலிஷ்காரர் எழுந்து உட்கார்ந்து கத்தினார். "யோவ் பெரியவரே! அந்தாளு வயித்துல ஊசி குத்தியிருக்காங்கய்யா! படுக்கச் சொல்லுய்யா!"

நாட்டாண்மைக்காரர் மூக்கைச் சுளித்தார். "இவுரு யாரு?"

"பாலிஷ் குடிச்சவருங்க" என்றான் அண்ணன், தாழ்ந்த குரலில், தான் அந்த இனமில்லை என்று காட்டிக்கொள்ளும் அவசரத்தில்.

"குடிகாரனுங்களக் கொண்டாந்து பக்கத்துலயே போட்டிருக்கானுங்களே" என்று அவர் பாலிஷ்காரருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். நான் நர்ஸைத் தேடி ஓடினேன். அவள் வேறொரு வார்டில் இருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அண்ணன் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தான். கட்டில் கம்பியைப் பிடித்து நின்றபடியே பேசினான். "ஈரல வெட்டி எடுத்திருக்காங்க. பட்டணத்து டாக்டரு பாக்கறாரு. குடியில்லன்னு வந்துருங்க. வந்ததும் நானே தெருவுக்கு வந்து சொல்றேங்க."

"வரட்டும் வரட்டும்" என்றார் நாட்டாண்மைக்காரர். "உடம்பப் பாத்துக்கோ மொதல்ல."

நர்ஸ் போட்ட கத்தலில் அவர் எழுந்து போனார். அண்ணனைப் படுக்க வைத்தோம். கொஞ்ச நேரத்தில் வலத் தோள் வலிக்கிறது என்றான். குத்தினது விலாவில், வலிக்கிறது தோளில் என்று எனக்கு வியப்பாக இருந்தது. நர்ஸுக்கு வியப்பாக இல்லை. நாடியைப் பிடித்தவள் டாக்டருக்கு ஆள் அனுப்பினாள். வியர்வை கொட்டியது. உள்ளே ரத்தம் கசிந்து வயிறு மறுபடி உப்பியது. என் ரத்தம் ஒத்துவந்தது, எடுத்து ஏற்றினார்கள். வேறு ரத்தமும் ஏற்றினார்கள். மறுநாள் காலை அண்ணன் செத்துப்போனான்.

எழுந்து நின்றதனாலா என்று சின்ன டாக்டரிடம் கேட்டேன். "இருக்கலாம். எழுந்துக்காம இருந்தாலும் கசிஞ்சிருக்கலாம். இந்த மாதிரி ஈரல்ல ரத்தம் சரியா உறையாது, அந்த ஊசில கசிவும் ஜாஸ்தி. தெரிஞ்சுதான் போட்டோம்பா" என்றார். இன்றுவரை எனக்கும் தெரியாது. ஏதாவது ஒரு பக்கம் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க அவர் இடம் கொடுக்கவில்லை.

காரியம் முடிவதற்கு முன்னால் அண்ணி என்னை மறுபடி பட்டணத்துக்கு அனுப்பினாள். "இன்னா சொல்லிச்சின்னு கேட்டுக்கினு வா. அவரு அதுக்குத்தானே செத்தாரு" என்றாள். சின்ன டாக்டர் என்னைக் கண்டதும் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார். ஈரல் முழுக்கப் பெரிய பெரிய முடிச்சுகள், நடுவில் பட்டை பட்டையாகத் தழும்பு. கொழுப்பு கிடையாது. எப்போதோ வந்த காமாலை விட்டுப்போன வடு, அது வருஷக்கணக்கில் இறுகியிருக்கிறது. குடி இல்லை.

"உறிஞ்சுற ஊசில இது தெரிஞ்சே இருக்காது" என்றார். பிறகு, எதையாவது கொடுத்து அனுப்ப வேண்டும் என்பதுபோல, "எங்களுக்கு ரொம்ப உபயோகமா இருந்துச்சிப்பா" என்றார்.

பாலிஷ்காரர் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். குடிக்காமல் இருந்தால் அந்த ஈரல் தேறிவிடுமாம்.

காரியத்தன்று பந்தலில் நாட்டாண்மைக்காரரிடம் போய்ச் சொன்னேன். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். முடிச்சு, தழும்பு, காமாலை, எல்லாம். அவர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு என் தோளில் கைவைத்தார்.

"செத்தவனப் பத்தி இன்னாத்துக்குப்பா இனிமே இந்தப் பேச்செல்லாம்? நாங்க அதெல்லாம் மனசுல வெச்சிக்கல. அவனோட போச்சி."

"அவன் குடிக்கலீங்க."

"சரிப்பா. சரி." குழந்தையைச் சமாதானப்படுத்தும் குரல். "போய்ச் சாப்பிடு."

அண்ணிக்கு மறுபடி நூல் தரச் சொல்லி முதலாளியிடம் பேசியவரும் அவர்தான். பாவுக்கு எல்லோரும் வர வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னவரும் அவர்தான். அதனால்தான் அண்ணி பாவை எடுத்துவந்த அன்று விடியும்போது தெருவே வந்து நின்றது. கழி பிடித்தார்கள், கஞ்சி தடவினார்கள், ஒருவருக்கொருவர் கிண்டல் பேசிக்கொண்டு நூல் பிரித்தார்கள். பாவு ஒரு இடத்தில்கூடத் தொய்யவில்லை. எதிர்வீட்டு அம்மாள் கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது: "குடிச்சிக் கெட்டவன் அவன். அதுக்கு இவ இன்னா பண்ணுவா, பாவம்!" நாலைந்து பேர் "ஆமாமா" என்றார்கள். உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார்கள்.

நான் கழியை விட்டுவிட்டு அண்ணியிடம் போனேன். "அண்ணி, எல்லாரும் இருக்காங்க. இப்ப சொல்லட்டுமா?"

அவள் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொல்லி? இவங்க மூஞ்சி சுருங்கி, கழியப் போட்டுட்டுப் போனா, நீ ஒருத்தன் புடிப்பியா? அடுத்த பாவுக்கு இருப்பியா நீ?"

அவளுக்கு என்னைத் தெரியும்.

"பேசாத இரு" என்றாள் தணிந்து. "அவரு இருந்தாலும் பாவு முடியட்டும்னுதான் சொல்லுவாரு."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

அக்கரையில் ஏறி வந்தவாசி ரோட்டில் நடந்து, ஒரு புளியமரத்தடியில் படுத்தேன். மறுநாள் காலையில் தார் வாடை வந்தது. கொஞ்ச தூரத்தில் ரோடு போடும் கும்பல் வேலை தொடங்கியிருந்தது. ஜல்லி கொட்டிக் கிடந்தது, தார்ப் பீப்பாய்கள் உருண்டு கிடந்தன. தலையில் துண்டு கட்டிய மேஸ்திரியிடம் போய் வேலை இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரு?"

"காஞ்சிபுரம்."

"தறிக்காரனா? இந்த வேல ஆவுமா உனக்கு?"

"லாரியில இருந்திருக்கேன். உப்பளத்துலயும் இருந்திருக்கேன்."

"குடிப்பியா?"

அதுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை. உப்பளத்திலும் இல்லை, லாரியிலும் இல்லை.

"குடிப்பேன்" என்றேன்.

மேஸ்திரி வாயிலிருந்து பீடியை எடுத்துவிட்டுச் சிரித்தார். ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பாத்துக்கோங்கடா! கேட்டா ஒருத்தனாவது ஒத்துக்கினீங்களா? நெசம் பேசறவன் இன்னிக்குத்தான் வந்திருக்கான்." பிறகு என்னிடம், "தார் காய்ச்சற எடத்துல நில்லு. அங்க நம்பற ஆளுதான் வேணும்" என்றார்.

பீப்பாய்க்கு அடியில் தீ தணிந்திருந்தது. விறகை உள்ளே தள்ளினேன்.